விளையாட்டுப் பிள்ளையும் வேண்டும்

"விளையாட்டு வினையாகும்" என்று சொல்லியே பிள்ளைகளை வளர்த்தவர்கள் நம்மவர்கள். புத்தகத்தை மூடிவிட்டு மட்டையும் கையுமாக ஓடும் பையனை 'விளையாட்டுப் பிள்ளை' என்பார்கள். அந்தச் சொல்லில் பாதி செல்லம், பாதி கவலை. ஊரை விட்டுத் தலைநகருக்கு வந்து, குமாஸ்தாவாகவோ ஸ்டெனோவாகவோ சர்க்கார் உத்தியோகத்தில் காலூன்றிய குடும்பங்களில் கவலையின் பங்கு சற்று அதிகமாகவே இருந்தது. இங்கே நிலம் கிடையாது, சொந்த வீடு கிடையாது. படிப்பு ஒன்றுதான் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடிய சொத்து. அப்படியிருக்க, விளையாட்டுப் புத்தியோடு திரியும் பிள்ளையை யார்தான் மெச்சுவார்கள்?

மோதி பாக் அத்தகைய குடும்பங்கள் பல வாழ்ந்த பேட்டை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இங்கே இருக்கிறது. சற்றுத் தள்ளி, ராமகிருஷ்ணபுரத்தில், சுவாமிநாத சுவாமி குடிகொண்ட மலை மந்திர். பழைய குவார்ட்டர்ஸ் வரிசைகளில் ஒரு பகுதி இடிக்கப்பட்டுப் புதிய குடியிருப்புகள் எழும்பிவிட்டன. 2018 ஆகஸ்டிலிருந்து மெட்ரோ ரயிலும் நின்று போகிறது. இத்தனை மாறுதலுக்கும் நடுவே மாறாமல் நிற்பது ரிங் ரோடு ஓரத்துக் குருத்வாரா. குரு கோவிந்த் சிங் 1707-ல் தில்லிக்கு வந்தபோது தங்கிய இடம் என்று சீக்கியர்கள் போற்றும் ஸ்தலம் அது. பஸ்ஸில் போகும்போது அதைத் தினமும் பார்த்தவர்களில் பலருக்கு, பின்னாளில் இந்தியக் கிரிக்கெட்டையே கலகலக்க வைத்த ஒரு பையன் அங்கே தங்கிப் போனான் என்பது தெரியாது.

அம்மாவுடன் வந்த சிறுவன்

ரிஷப் பந்த் 1997 அக்டோபர் 4-ஆம் தேதி ரூர்க்கியில் பிறந்தவர். தில்லியிலிருந்து ரூர்க்கி இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்தபோது, சனி ஞாயிறுகளில் தாயாருடன் தில்லிக்கு வருவார். ஸானெட் கிரிக்கெட் கிளப்பில் பயிற்சி. நகரில் தங்குவதற்கு வேறு இடம் அமையாததால் தாயும் மகனும் தங்கியது மோதி பாக் குருத்வாராவில். வருபவர் யார், எந்த ஊர், என்ன ஜாதி என்று கேட்காமல் சாப்பாடு போடுவது குருத்வாராக்களின் வழக்கம். முதன்முதலாகத் தில்லிக்கு வந்து, தங்க இடம் தேடி அலைந்த அனுபவம் உள்ளவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஸானெட் கிளப் பயிற்சி நடத்திய மைதானமும் நம்மவர்களுக்குப் பழக்கமான இடமே. தௌலா குவான் அருகேயுள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரியின் மைதானம் அது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1961-ல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் தில்லித் தமிழர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் படித்திருக்கிறார்கள். கிளப்பை 1969-ல் தொடங்கியவர் தாரக் சின்ஹா. ராமன் லாம்பா, மனோஜ் பிரபாகர், ஆகாஷ் சோப்ரா, ஆஷிஷ் நெஹ்ரா, ஷிகர் தவன் என்று அவரிடம் பயின்று இந்தியாவுக்கு ஆடியவர்களின் வரிசை நீளமானது. 2018-ல் துரோணாச்சாரியர் விருது பெற்ற அவர் 2021 நவம்பரில் காலமானார். கண்டிப்புக்குப் பெயர் போன அந்தக் குருவிடமிருந்து வந்த சீடர்தான் ரிஷப். இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மைதானத்தில் அவர் செய்யும் சேஷ்டைகளைப் பார்ப்பவர்கள், 'இவனுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லித் தரவில்லையோ' என்று நினைத்துவிடக்கூடும் அல்லவா?

2016 - 17 ரஞ்சிப் போட்டியில் மகாராஷ்டிரத்துக்கு எதிராக 308 ரன். அதே பருவத்தில் ஜார்க்கண்டுக்கு எதிராக 48 பந்துகளில் சதம். 2018 ஆகஸ்டில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் முதல் டெஸ்ட். அதில் அவர் கணக்கைத் தொடங்கியதே சிக்ஸரில்தான். டெஸ்ட் கிரிக்கெட்டில் அதற்கு முன் எந்த இந்தியரும் அப்படித் தொடங்கியதில்லை.

ஸ்டம்புக்குப் பின்னால் ஒரு வானொலி

விக்கெட் கீப்பர் என்பவர் பந்தைப் பிடித்தால் போதும் என்பது பழைய கணக்கு. ரிஷப் பந்தையும் பிடிப்பார், கச்சேரியும் நடத்துவார். 2018 டிசம்பரில் அடிலெய்ட் டெஸ்டில் அவர் பிடித்த காட்சுகள் 11. உலக சாதனைக்குச் சமம். அந்தப் பயணம் முழுவதும் ஆஸ்திரேலிய மட்டையாளர்களின் காதருகே அவர் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தார். ஸ்டம்பில் வைத்திருக்கும் மைக் வழியாக அந்தப் பேச்சு உலகம் முழுவதும் ஒலித்தது.

அடுத்து மெல்போர்னில், ஆஸ்திரேலியக் காப்டன் டிம் பெய்ன் அவரைச் சீண்டினார். 'நானும் மனைவியும் சினிமாவுக்குப் போகிறோம், நீ எங்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாயா?' என்பது கேள்வி. சில நாளில் புத்தாண்டு. ஆஸ்திரேலியப் பிரதமர் இல்லத்தில் இரு அணியினருக்கும் வரவேற்பு. அங்கே ரிஷப், பெய்னின் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். கேலி செய்தவரும் சிரித்தார், கேலிக்கு ஆளானவரும் சிரித்தார். வசை பாடுவதற்கும் வேடிக்கை பேசுவதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு படத்தில் விளங்கிவிட்டது. அந்தப் பயணத்தின் கடைசி டெஸ்டில், சிட்னியில், அவர் எடுத்த ரன் ஆட்டமிழக்காமல் 159. இந்தியா முதன்முறையாக ஆஸ்திரேலிய மண்ணில் டெஸ்ட் தொடரை வென்றது.

சென்னை வாசிகள் மறக்காத வேடிக்கை ஒன்று உண்டு. 2024 செப்டம்பர், சேப்பாக்கத்தில் வங்கதேசத்துடன் டெஸ்ட். மட்டை பிடித்து நின்ற ரிஷப், எதிரணிக் காப்டனைப் பார்த்து, 'ஓர் ஆள் இந்தப் பக்கம் வரட்டும், இங்கே யாருமே இல்லை' என்று ஹிந்தியில் கூவினார். சொன்ன இடத்தில் ஓர் ஆளும் நிறுத்தப்பட்டார்! எதிரிக்குத் தானே வியூகம் வகுத்துக் கொடுத்த அவர் அந்த இன்னிங்ஸில் எடுத்தது 109. ஏறத்தாழ 21 மாத இடைவெளிக்குப் பிறகு அவர் ஆடிய முதல் டெஸ்ட் அது. அந்த இடைவெளிக்கான காரணம் பின்னால் வருகிறது.

வேடிக்கையால் அணிக்கு என்ன லாபம்?

'பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அணிக்கு என்ன லாபம்?' கணக்கெழுதிப் பழகிய எவரும் கேட்கக்கூடிய கேள்வி. நியாயமான கேள்வியும் கூட. அதற்கு விடை 2020 - 21 ஆஸ்திரேலியப் பயணத்தில் இருக்கிறது.

முதல் டெஸ்டில், அடிலெய்டில், இந்திய அணி 36 ரன்னுக்குச் சுருண்டது. அந்த டெஸ்டில் ரிஷப் இடம் பெறவில்லை. அதன்பின் காப்டன் விராட் கோஹ்லி ஊர் திரும்பிவிட்டார்; பந்து வீச்சாளர்கள் ஒவ்வொருவராகக் காயமுற்று விழுந்தார்கள். இந்த நிலையில் அணிக்குள் வந்தவர் ரிஷப்.

சிட்னியில் மூன்றாவது டெஸ்ட். வெற்றிக்குத் தேவை 407. முழங்கையில் அடிபட்டு, விக்கெட் கீப்பிங் செய்ய முடியாமல் இருந்தவர், மட்டையுடன் இறங்கி 118 பந்தில் 97 ரன் எடுத்தார். மறுமுனையில் புஜாரா 77. இருவரும் போன பிறகு, முதுகு வலியோடு அஸ்வினும், தொடை வலியோடு ஹனுமா விஹாரியும் நாற்பது ஓவருக்கு மேல் நின்று டெஸ்டைக் காப்பாற்றினார்கள். தோல்வி பயத்தில் அல்ல, ஜெயித்தாலும் ஜெயிக்கலாம் என்ற நினைப்பில் அந்த நாளின் பெரும்பகுதியைக் கழித்த பிறகு அவர்கள் அப்படி நின்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு பிரிஸ்பேன். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா அங்கே டெஸ்டில் தோற்றதே இல்லை. இந்திய அணியிலோ பாதிப் பேர் புதியவர்கள். அவர்களில் இருவர் தமிழர்கள்: சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன், சென்னை வாஷிங்டன் சுந்தர். இருவருக்கும் அதுவே முதல் டெஸ்ட். அப்படிப்பட்ட நேரத்தில், ஸ்டம்புக்குப் பின்னால் நின்ற ரிஷப் 'ஸ்பைடர்மேன்' என்று ஹிந்தியில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்ததை மைக் காட்டிக் கொடுத்தது. உலகமே பதறும் இடத்தில் ஒருவன் பாடுகிறான் என்றால், பக்கத்தில் நிற்கும் புதுப் பையனுக்கு என்ன தோன்றும்? 'இது ஒரு கிரிக்கெட் ஆட்டம்தான், உயிர் போகிற காரியம் இல்லை' என்றுதான் தோன்றும். பயந்தவனின் கை இறுகும். இறுகிய கையில் காட்சும் நிற்காது, மட்டையும் சுழலாது. பயத்தை இறக்கி வைக்கப் பயிற்சியாளரின் உபதேசம் செய்யாத வேலையை ஒரு பாட்டு செய்துவிடும்.

கடைசி நாள், 2021 ஜனவரி 19. தேவை 328. புஜாரா உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு 211 பந்துகளைச் சந்தித்து 56 ரன் எடுத்தார். ரிஷப் ஆட்டமிழக்காமல் 89. வாஷிங்டன் சுந்தரோடு சேர்ந்து அவர் எடுத்த 53 ரன்தான் வெற்றியைக் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தது. மூன்று விக்கெட்டில் வெற்றி, தொடரும் இந்தியாவுக்கே.

இதன் சூட்சுமம் எளிதானது. எந்தப் பந்தையும் எங்கேயும் அடிக்கக்கூடியவன் மட்டை பிடித்தால், எதிரணிக் காப்டன் ஆட்களை எல்லைக்கோட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அவர்கள் விலகியதும் நடுவில் இடம் பிறக்கும். மறுமுனையில் இருப்பவர் அலட்டிக்கொள்ளாமல் ஒன்று இரண்டாக ஓடிச் சேர்க்கலாம். பந்து வீசுபவனோ, தான் நினைத்த இடத்தில் போடுவதை விட்டுவிட்டு, 'இவன் என்ன செய்வானோ' என்ற யோசனையில் போட ஆரம்பிப்பான். 2021 மார்ச்சில் ஆமதாபாத்தில், இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆண்டர்சன் புதுப் பந்தோடு ஓடிவந்தபோது, ரிஷப் மட்டையைத் திருப்பிப் பிடித்து, ஸ்லிப்பில் நின்றவர்களின் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிப் போட்டார். அறுநூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்திருந்த வீச்சாளருக்கு அப்படி ஒரு மரியாதை! வேடிக்கை போலத் தெரிந்தாலும் அதன் விளைவு ஸ்கோர் பலகையில்தான் விழுந்தது. அவர் அன்று அடித்தது 101.

நம்மூர் ஸ்ரீகாந்த்

தமிழர்களுக்கு இது புதிய காட்சியல்ல. ரிஷப் பிறப்பதற்கு முன்பே நமக்கு ஒரு ஸ்ரீகாந்த் இருந்தார்.

சென்னையில் 1959-ல் பிறந்த கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர். எந்தத் தமிழ்த் தகப்பனாரும் பெருமைப்படக்கூடிய படிப்பு. ஆனால் மைதானத்துக்குள் அவர் முழு விளையாட்டுப் பிள்ளை. இறங்கும்போதே சூரியனை அண்ணாந்து பார்ப்பார். மூக்கை உறிஞ்சுவார். ஒவ்வொரு பந்துக்கும் பிறகு ஸ்கொயர் லெக் பக்கம் ஒரு நடை போய்வருவார். 1981 நவம்பரில் பம்பாயில் ஆடிய முதல் டெஸ்டிலேயே, பந்தைத் தட்டிவிட்டு ஏதோ ஞாபகத்தில் கோட்டை விட்டு நடக்க, இங்கிலாந்து வீரர் எம்புரி ஸ்டம்பைத் தட்டி ரன் அவுட் ஆக்கிவிட்டார். பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அதே ஸ்ரீகாந்த் 1983 ஜூன் 25-ஆம் தேதி லார்ட்ஸ் மைதானத்தில் என்ன செய்தார்? உலகக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங். இரண்டாவது ரன்னிலேயே காவஸ்கர் அவுட். அந்த நேரத்தில் ராபர்ட்ஸின் பந்தைச் சுழற்றி எல்லைக்கு அனுப்பினார்; ஒரு முழங்காலை மண்டியிட்டு ஆப் திசையில் இன்னொரு நான்கு. மொத்தம் 38 ரன்தான். ஆனால் இரு அணியிலும் அன்று அதற்கு மேல் எடுத்தவர் ஒருவரும் இல்லை. இந்தியா 183, மேற்கிந்தியத் தீவுகள் 140. அந்த 38 ரன்னை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டால் வெற்றி எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியிருக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இரண்டு ஆண்டு கழித்து, 1985 மார்ச்சில் மெல்போர்னில் பாகிஸ்தானுடன் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்திலும் அவரே ஆட்ட நாயகன், 67 ரன். இருந்தும் அவருடைய டெஸ்ட் சராசரி என்ன? 43 டெஸ்டில் 2062 ரன், சராசரி 29.88. சராசரியை மட்டும் பார்த்துச் சம்பளம் போடுகிற குமாஸ்தா இந்த மனிதருக்கு இன்கிரிமென்ட் கொடுக்க மாட்டார். ஆனால் எண்பதுகளில் தில்லியில் வானொலிப் பெட்டியைச் சுற்றி நின்ற தமிழர்களுக்கு, 'நம்ம சீக்கா' முதல் ஓவரில் அடிக்கிற அடி ஒரு வாரத்துக்குத் தெம்பு கொடுத்தது. ஆபீஸில் எல்லா மாநிலத்தவரும் ஒருவரைப் பற்றிச் சிரித்துப் பேசுகிறார்கள், அவர் நம்மூர்க்காரர் என்பதில் ஒரு தனிப் பெருமிதம். அது எந்தக் கணக்கேட்டிலும் ஏறாத வரவு.

ரசிகர்கள் கேட்ட நியாயம்

மக்களுக்கு இது எப்போதும் புரிந்திருக்கிறது. தேர்வுக் குழுவினருக்குத்தான் சில சமயம் புரிவதில்லை. சலீம் துரானி என்ற ஆட்டக்காரர், ரசிகர்கள் எந்தப் பக்கம் சிக்ஸர் கேட்டுக் கூவுகிறார்களோ அந்தப் பக்கம் அடித்துக் கொடுப்பவர் என்று பெயர் எடுத்தவர். 1973 ஜனவரியில் இங்கிலாந்துடன் நடந்த கான்பூர் டெஸ்டில் அவரைச் சேர்க்கவில்லை. அடுத்த டெஸ்ட் பம்பாயில். 'துரானி இல்லையேல் டெஸ்ட் இல்லை' என்று சுவரொட்டிகள் முளைத்தன. துரானி சேர்க்கப்பட்டார், முதல் இன்னிங்ஸில் 73 ரன்னும் எடுத்தார்.

அதே பம்பாய் டெஸ்டில் இன்னொரு காட்சி. குண்டப்பா விஸ்வநாத் சதம் அடித்தார். எதிரணியைச் சேர்ந்த நெட்டை மனிதர் டோனி கிரெய்க் ஓடிவந்து, குட்டை மனிதரான விஸ்வநாத்தைக் கைக்குழந்தையைப் போல ஏந்தித் தாலாட்டினார். மைதானமே ஆர்ப்பரித்தது. எதிரியாக வந்த வெள்ளைக்காரரை நம் மக்கள் கொண்டாடியதற்கு அவர் எடுத்த ரன்கள் காரணமல்ல. தங்களை அவர் ஒரு பொருட்டாக மதித்து, தங்களோடு சேர்ந்து விளையாடினார் என்பதுதான் காரணம்.

லீவு போட்டு, வெயிலில் வரிசையில் நின்று, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து டிக்கெட் வாங்குகிறவன் வெற்றியை மட்டும் வாங்க வருவதில்லை. வெற்றி கிடைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதும் இல்லை. ஐந்து நாள் ஆடி டிராவில் முடியலாம். ஆனால் வேடிக்கைக்காரன் ஒருவன் மைதானத்தில் இருந்தால், வந்தவன் வெறுங்கையோடு திரும்ப மாட்டான். திங்கட்கிழமை பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரரிடம் சொல்ல அவனிடம் ஒரு கதை இருக்கும்.

வினையும் உண்டு

இதற்கெல்லாம் விலை கிடையாதா? உண்டு, பெரிய விலையே உண்டு.

2003 டிசம்பரில் மெல்போர்னில் தில்லி நஜஃப்கட் வீரர் வீரேந்திர சேவாக் 195 ரன்னில் இருந்தார். ஐந்து ரன்னை ஒன்று ஒன்றாக எடுத்திருக்கலாம். சிக்ஸர் அடிக்கப் போய்க் காட்ச் ஆனார். இந்தியா அந்த டெஸ்டில் தோற்றது. அதே சேவாக் சில மாதம் கழித்து முல்தானில் சிக்ஸர் அடித்தே 300-ஐத் தாண்டினார். 2008-ல் சேப்பாக்கத்தில் 319 எடுத்தார். பாட்டு முணுமுணுத்தபடி மட்டை வீசிய அந்த மனிதரிடம் 195-ல் கிடைத்த ஏமாற்றத்தைக் கழித்துவிட்டு 319-ஐ மட்டும் கேட்டு வாங்க முடியாது. இரண்டும் ஒரே மரத்துக் காய்.

ரிஷப்புக்கும் அதே கதை. 2019 உலகக் கோப்பை அரையிறுதியில், நிதானமாக ஆடிக்கொண்டிருந்தவர் 32-ல் ஒரு பந்தைத் தூக்கி அடித்துப் போனார். இந்தியாவும் தோற்றுப் போனது. அந்த ஆண்டு அவர் காட்ச் விட்டபோதெல்லாம் மைதானத்தில் "தோனி! தோனி!" என்று கூவினார்கள். அப்படிக் கூவுவது மரியாதையல்ல என்று காப்டன் கோஹ்லி வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் மெல்போர்னில், விழுந்து புரண்டு ஒரு பந்தைப் பின்பக்கம் தூக்கப் போய் 28-ல் அவுட் ஆனபோது, வர்ணனை செய்துகொண்டிருந்த காவஸ்கர் 'முட்டாள்தனம்' என்ற சொல்லை மூன்று முறை சொன்னார். மறு ஆண்டு ஜூனில் லீட்ஸ் டெஸ்டில் ரிஷப் 134, 118 என்று இரண்டு இன்னிங்ஸிலும் சதம். முதல் சதத்துக்கு மைதானத்திலேயே குட்டிக்கரணம் போட்டார். இரண்டாவது சதத்துக்கும் ஒன்று போடும்படி மாடத்திலிருந்து சைகை காட்டியவர் வேறு யாருமல்ல, அதே காவஸ்கர்! 'அப்புறம் பார்க்கலாம்' என்று சைகையிலேயே பதில் வந்தது. ஆனால் அந்த டெஸ்டில் இந்தியா ஐந்து விக்கெட்டில் தோற்றது. இரண்டு சதமும் ஒரு குட்டிக்கரணமும் சேர்ந்தாலும் வெற்றிக்கு அது உத்தரவாதம் ஆகாது.

மைதானத்துக்கு வெளியே நேர்ந்ததோ வேறு விதமான வினை. 2022 டிசம்பர் 30 விடியற்காலை, தில்லியிலிருந்து ரூர்க்கிக்குத் தானே காரோட்டிச் சென்றபோது கார் சாலைத் தடுப்பில் மோதித் தீப்பற்றியது. அவ்வழியே வந்த ஹரியானா ரோட்வேஸ் பஸ்ஸின் டிரைவரும் கண்டக்டரும் ஓடிப்போய் அவருக்கு உதவினார்கள். தாங்கள் காப்பாற்றுவது யாரை என்று அந்தத் தொழிலாளிகள் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. மோதி பாக் குருத்வாராவில் பையனுக்குக் கிடைத்த உபகாரம் வளர்ந்த பிறகும் அதே சாலையில் கிடைத்தது. முழங்கால் தசைநார்கள் அறுந்து, அறுவைச் சிகிச்சை செய்து, மறுபடி நடக்கப் பழகி, 2024 மார்ச்சில்தான் அவர் களம் திரும்பினார். ஒன்றேகால் வருஷம் ஒவ்வொரு நாளும் வலியைப் பொறுத்துப் பயிற்சி செய்தவரை விளையாட்டுப் புத்திக்காரர் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

சமயோசிதம் என்னும் ஆயுதம்

திரும்பி வந்த மூன்றாம் மாதம். 2024 ஜூன் 29, பார்படாஸில் இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். மட்டையில் ரிஷப் அன்று பூஜ்யம். தென்னாப்பிரிக்காவுக்கு ஏறக்குறைய பந்துக்கு ஒரு ரன் எடுத்தால் போதும் என்ற நிலை. கிளாசன் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். திடீரென்று ரிஷப் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வைத்தியர் வந்தார், கட்டுப் போட்டார், சில நிமிஷங்கள் ஓடின. ஆட்டம் மறுபடி தொடங்கியதும் கிளாசன் அவுட். இந்தியா ஏழு ரன்னில் வென்றது. எதிரியின் வேகத்தை உடைக்க ரிஷப் தம் சமயோசிதத்தால் செய்த வேலை அது என்று காப்டன் ரோஹித் சர்மாவே பிற்பாடு சிரித்துக்கொண்டு சொன்னார். அது முறையா என்று வாதம் செய்யலாம். ஆனால், நாடே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் தலை குளிர்ச்சியாக இருந்தவர் யார் என்பதில் வாதத்துக்கு இடமில்லை. சதா வேடிக்கை பண்ணுகிறவன் ஒன்றையும் கவனிப்பதில்லை என்று நினைப்பது தவறு. அவன்தான் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கிறான்.

2025 ஜூலையில் மான்செஸ்டரில், பந்து பட்டுப் பாதத்தில் எலும்பு முறிந்தது. வண்டியில் வைத்து வெளியே கொண்டு போனார்கள். மறுநாள் விக்கெட்டுகள் விழ விழ, நொண்டிக்கொண்டே படியிறங்கி வந்து 54 வரை ஆடினார். ஆங்கிலேய ரசிகர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவர் ஆடாத கடைசி டெஸ்டை ஓவலில் இந்தியா ஆறு ரன்னில் வென்று தொடரைச் சமன் செய்தது. ஓர் ஆட்டக்காரனை நம்பி மட்டும் அணி இல்லை என்பதும் அதில் தெரிந்தது.

கூத்தில் கட்டியங்காரன்

தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ராஜா வருவார், மந்திரி வருவார், துரியோதனன் வந்து கர்ஜிப்பான். ஆனால் விடிய விடியக் கூத்தைத் தூக்கி நிறுத்துகிறவன் கட்டியங்காரன். முதலில் வருபவனும் அவனே. வேஷக்காரர் வரத் தாமதமானால் இடத்தை நிரப்புகிறவனும் அவனே. தூங்கிவிழும் கூட்டத்தைச் சிரிக்க வைத்து எழுப்புகிறவனும் அவனே. அவனுக்கு எல்லாப் பாத்திரமும் தெரியும், எல்லாப் பாட்டும் தெரியும். தெரியாதவன் அந்த வேஷம் கட்ட முடியாது. அதே சமயம், பதினொரு பேரும் கட்டியங்காரர்களாக இருந்தால் கூத்து நடக்காது. அர்ஜுனனும் வேண்டும், தர்மரும் வேண்டும். கிரிக்கெட்டில் ரிஷப்புக்கு ஒரு புஜாரா வேண்டியிருந்தது. ஸ்ரீகாந்துக்கு ஒரு காவஸ்கரும் ஒரு மொஹிந்தர் அமர்நாத்தும் வேண்டியிருந்தார்கள்.

ஆகவே இத்தகைய ஆட்டக்காரனை வைத்துக்கொள்ளும் அணிக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. அவன் சறுக்கும் நாளில் கை கழுவிவிட்டு, ஜெயிக்கும் நாளில் தோளில் தூக்குவது நியாயமல்ல. 2024 நவம்பர் ஏலத்தில் ரிஷப்பை லக்னோ அணி 27 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அதுவரை அந்தப் போட்டியில் யாருக்கும் கிடைக்காத விலை. விலை கொடுத்தவர்கள் உடனே விளைச்சலைக் கேட்டார்கள். அந்தப் பருவத்தின் பெரும் பகுதியில் அவர் மட்டை பேசவில்லை. கடைசி ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 118 எடுத்து, ஒரு குட்டிக்கரணமும் போட்டார். சிரிப்பை ஏலத்தில் எடுக்கலாம்; இன்ன தேதிக்குள் சிரிக்க வை என்று உத்தரவு போட முடியாது.

மோதி பாகிலும், சரோஜினி நகரிலும், ராமகிருஷ்ணபுரத்திலும் மாலை வேளைகளில் இன்றும் பிள்ளைகள் செங்கல்லை ஸ்டம்பாக நிறுத்தி ஆடுகிறார்கள். அவர்களில் ஒருவன் பந்தைத் தடுக்காமல் விழுந்து புரண்டு அடிப்பான். அவுட் ஆனாலும் சிரிப்பான். தோற்றவனையும் சிரிக்க வைப்பான். அவனைப் படிக்கச் சொல்லிக் கூப்பிடத்தான் வேண்டும். ஆனால் கூப்பிடுவதற்கு முன் இன்னும் பத்து நிமிஷம் அவன் ஆட்டத்தைப் பார்க்கலாம். அவன் ரிஷப் ஆகாமல் போகலாம், ஸ்ரீகாந்த் ஆகாமலும் போகலாம். எங்கேயோ ஓர் ஆபீஸில், மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில், இறுகிப் போன பத்துப் பேரைச் சிரிக்க வைத்து வேலையை முடிக்க வைக்கிறவன் ஆகலாம். அதுவும் நாலு பேருக்கு உபகாரம்தான்.